மறுநாள் கேட்கும் கச்சேரி

மானகிரி தங்கச்சாமி இன்று பாடினால், அந்தப் பாட்டு பாடிய இடத்திலேயே நாளைக்குத்தான் கேட்கும். பாடும்போது வாய் அசையும், ஆர்மோனியத்தில் விரல் ஓடும், சத்தம் மட்டும் வராது. மறுநாள் அதே நேரத்துக்கு, ஆளே இல்லாமல், முழுக் கச்சேரியும் நடக்கும்.

அறுபத்து நான்காம் வருடம் வரைக்கும் அவர் காரைக்குடியில் மைக்செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து என்று அடுத்தவர் பாட்டைப் போட்டுப் போட்டே தலை நரைத்தது. நாற்பத்தைந்தாவது வயதில், குழாய் ஸ்பீக்கர்களையெல்லாம் ஒட்டுமொத்தமாக விற்றுவிட்டு, தானே பாட்டுக் கட்டித் தானே பாடிப் பிழைக்கப்போவதாகச் சொன்னார். "பேரன் எடுக்கிற வயசுல பாட்டுப் படிக்கப் போறீகளாக்கும்?" என்றாள் மனைவி மலையம்மாள். சொன்னாளே தவிர, ஆர்மோனியத்துக்கு உறை தைத்துக் கொடுத்ததும் அவள்தான். கண்மாய்க் கரையில் பாடிப் பழகியபோது அவர் குரல் எல்லோருக்கும் போல உடனுக்குடன்தான் கேட்டது.

முதல் கச்சேரி குமரப்பன் செட்டியார் மகள் கல்யாணத்தில். வளவு என்கிற நடுமுற்றம் கொள்ளாத கூட்டம். பாட்டு மட்டும் இல்லை. பிள்ளைகள் சிரித்தார்கள், பெரியவர்கள் தரையைப் பார்த்தார்கள். தங்கச்சாமி வேர்த்து விறுவிறுத்து எழுந்து போனார். மறுநாள் சமையல்காரர்கள் அண்டா கழுவிக்கொண்டிருந்தபோது, வெறும் வளவுக்குள் பாட்டு எழும்பியது. மகளைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஒரு தூணோரம் உட்கார்ந்திருந்த செட்டியார் மனைவி கண்ணம்மை ஆச்சி வாய்விட்டு அழுதார். அவர்தான் ஆளனுப்பிச் சொன்னார்: "அடுத்த கல்யாணத்துக்கு முதநாளே வந்து பாடி வச்சிட்டுப் போயிரச் சொல்லுங்க."

அப்புறம் பிழைப்புக்குப் பஞ்சமில்லை. முகூர்த்த மாதங்களில் இன்றைக்குத் தேவகோட்டை, நாளைக்கு நாட்டரசன்கோட்டை என்று பஸ் ஏறிப் போய்ப் பாடி வைத்துவிட்டு வருவார். பாட்டு வரும் நேரத்துக்கு மைக்செட்காரர்கள் தாங்களாகவே ரிக்கார்டை நிறுத்திவிடுவார்கள். ஆனால் தன் கச்சேரியைத் தங்கச்சாமி ஒருநாளும் இருந்து கேட்டதில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பார். உண்மையில் பயம். கேட்டுப் பார்த்து, சுமார்தான் என்று தெரிந்துபோனால்? கடையும் போய், நம்பிய பாட்டும் போய், அப்புறம் என்ன மிச்சம்!

எழுபத்து மூன்றாம் வருடம் நாட்டரசன்கோட்டையில் பாடிய அன்று ராத்திரியே, காய்ச்சல் அடித்துப் படுத்துவிட்டார். கூட வந்திருந்த மலையம்மாள் கல்யாண வீட்டிலேயே ஒரு அறையில் படுக்க வைத்தாள். மறுநாள் மத்தியானப் பந்தி நடக்கும்போது பாட்டு வந்தது. சாம்பார் வாளியோடு பரிமாறியவர் நின்றுவிட்டார். இலையில் கை வைத்தவர்கள் வைத்தபடியே இருந்தார்கள். பாடாமல் விட்ட நாற்பத்தைந்து வருடமும் அந்தக் குரலுக்குள் இருந்தது. தங்கச்சாமி போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"ஆரு புள்ள இது, இப்படிப் பாடுறது?"

"நீங்கதான். ஊரே சொல்லுது, நீங்கதான் நம்ப மாட்டேங்கிறீக."

அவர் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். கொஞ்ச நேரத்தில் காய்ச்சல் விட்டது. தேவகோட்டை பஸ்ஸில் மெதுவாகக் கேட்டார்: "நாளைக்கும் தேவகோட்டையிலேயே இருந்து கேட்டுட்டுப் போவமா?"

"அப்ப காரைக்குடிக் கல்யாணத்துக்கு ஆரு பாடுறது?" என்றாள் மலையம்மாள், ஆர்மோனியத்தை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. தங்கச்சாமி சிரித்துவிட்டார்.

தேவகோட்டையில் இறங்கி, விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பாடினார். ஒரு சத்தமும் வரவில்லை. கல்யாண வீட்டார் கடைசிவரை உட்கார்ந்திருந்துவிட்டு, "நாளைக்கு நல்லாருக்கும்" என்று சொல்லி, இருவருக்கும் இலை போட்டார்கள்.