மருதோசை வெளியீடு, ஒட்டுசுட்டான்

பிரியந்தினி அனுப்பிய பதிவை நான் கைபேசியில் போட்டபோது என் மனைவி கமலாசனி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் 'மருதோசை' வெளியீட்டைப் பற்றி அந்தப் பிள்ளை ஒரு பொட்காஸ்ட் செய்திருந்தாள். மறுநாள் வெளிவர இருந்தது. யுத்தகாலப் பொருளாதாரத் தடைக்குள், எவரிடமும் கையேந்தாமல், ஒட்டுசுட்டானில் இருந்துகொண்டு பாட்டுக் கசற் வெளியிட்டவர்கள் நாங்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் அவற்றை வாங்கச் சனம் முண்டியடித்தது.

பெற்றறி கிடைக்காத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில்தான் பதிந்தோம். எண்ணெய்க்கும் வழியில்லை. எல்லாப் பாட்டுக்கும் பின்னால் சங்கிலி கிறீச்சிட்டது. ஊரில் சிலர் "கிறீச் கொம்பனி" என்று பகிடி பண்ணினார்கள். அது எனக்குள் இன்னும் ஆறவில்லை. இடப்பெயர்வுகளில் எங்கள் கசற்றுகள் எல்லாம் போய்விட்டன. வவுனியாவில் மஹ்றூப் என்ற வியாபாரியிடம் தப்பியிருந்த ஒன்றைப் பிரியந்தினி தேடிப் பிடித்தபோது, இரண்டு நிபந்தனை வைத்தேன். அந்த இரைச்சலை எடுத்துவிட வேண்டும். எங்கள் வீட்டு இழப்பைப் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது. மருதோசையைப் பாட்டுக்காகக் கேட்கட்டும், பரிதாபத்துக்காக வேண்டாம்.

பாட்டுகள் துலக்கமாக வந்தன. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்றாவது பாட்டில் கமலாசனி சுளகைக் கீழே வைத்தாள்.

"இதிலை பிள்ளை எங்கை?"

"எந்தப் பிள்ளை?"

"சுஜிதன். அவன்தானே சுத்தினவன். இந்தப் பாட்டிலை கை உளைஞ்சு சங்கிலி மெல்ல மெல்லக் குறையும். நீங்கள் முறைச்சுப் பாப்பியள். பிறகு வேகமாச் சுத்துவான். எங்கை அது?"

கடைசி யுத்தத்தில், மாத்தளன் பக்கம், சனத்துக்குள் பிடிநழுவிக் காணாமல்போன மகன். அவனுடைய படம் ஒன்றுகூட எங்களிடம் மிஞ்சவில்லை.

"இரைச்சல் எண்டு நான்தான் எடுக்கச் சொன்னனான்."

"இரைச்சலோ?" அவள் குரல் உயரவில்லை. "பெத்த தேப்பன் கதைக்கிற கதையே இது? பாட்டு ஆருக்கு வேணும்? பாடினவர் கனடாவிலை கொழுத்துப்போய் இருக்கிறார்."

பிரியந்தினியை அழைத்தேன். "பழைய பதிவு கிடக்குதோ பிள்ளை? அதையே போடுங்கோ."

"கிடக்கு ஐயா. ஆனா நீங்கள்தானே அந்தச் சத்தம் மருதோசைக்கு மரியாதை இல்லை எண்டு ஒற்றைக் காலிலை நிண்டனீங்கள்?" சிரித்தாள். "அப்பிடியே விட்டா கேக்கிற ஆக்கள் என்ரை பிழை எண்டு நினைப்பினம். அது என்ன சத்தம், ஆர் சுத்தினது எண்டு நீங்களே ரெண்டு வசனம் சொல்லுங்கோ. இப்பவே பதியிறன்."

வெளியாள் எவரிடமும் நான் அவன் பெயரைச் சொன்னதில்லை. பிள்ளைகளைப் பற்றிக் கேட்டவர்களிடம் வயலைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

"ஐயா, பதிவு ஓடுது."

வீதியில் உழவு இயந்திரம் ஒன்று இரைந்துகொண்டு வந்தது. கமலாசனி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். யன்னலையும் சாத்தினாள். பிறகு என் முன்னால் நிலத்தில் உட்கார்ந்து, கைபேசியை என் வாய்க்கு அருகே தூக்கிப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் கை உளைந்து மெல்ல மெல்லத் தாழ்ந்தது. மற்றக் கையால் அதைத் தாங்கிக்கொண்டாள்.