புதினா தூக்கல்

காய்ச்சல் போன பிறகும் எனக்கு வாசனை திரும்பி வரவில்லை. நாக்கில் உப்பு தெரியும், புளிப்பு தெரியும், மிளகு சுள்ளென்று ஏறும். வாசனை மட்டும் கிடையாது. சோப்பும் ஒன்றுதான், குப்பைக்கூடையும் ஒன்றுதான். டாக்டர், "வரும்மா, மெதுவா வரும்" என்றார். எப்போது என்று கேட்டதற்கு, பேனா மூடியைத் திறந்தார், திரும்ப மூடினார்.

வாசனை இல்லாத வீட்டில் இருப்பது கண்ணாடித் தொட்டிக்குள் இருப்பது மாதிரி. எல்லாம் தெரியும், எதுவும் கிட்டே வராது. மகள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து தோளில் சாய்ந்தால்கூட எங்கேயோ தள்ளி உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் தோன்றும்.

இந்த லட்சணத்தில் ஒரு நாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு முன்னறையில் தைக்க உட்கார்ந்தேன். நான் வீட்டிலிருந்தே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். பால் பொங்கி, வற்றி, கருகி, புகை வந்து மிஷினுக்கு மேலே நின்ற பிறகுதான் தலையைத் தூக்கினேன். அதற்குள் மேல்வீட்டுக்காரர் கதவை உடைக்காத குறையாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பேச்சு கம்மி. சாயங்காலம் வந்து கரிப்பிடித்த பாத்திரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கேஸ் அடுப்பைத் திறந்து மூடுகிற திருகுகளை உருவிக் கைக்குட்டையில் முடிந்து தன் கருவிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கொஞ்ச நாள் நாங்க பாத்துக்குறோம்மா. நீ உக்காரு."

அவருக்குக் கோபம் இல்லை, பயம். அது எனக்கும் புரிந்தது. ஆனால் அன்றிலிருந்து நான் என் வீட்டிலேயே விருந்தாளி. அடுப்பு எனக்கு எப்போது திரும்பக் கிடைக்கும், கிடைக்குமா என்பதே என் கவலையாகிவிட்டது. அதை வாய்விட்டுக் கேட்கவும் கூச்சமாக இருந்தது.

சமையலை அவரும் அவர் தங்கையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். நாத்தனார் எங்களோடுதான் இருக்கிறாள், செருப்புக் கடையில் வேலை. வாய் ஓயாது என்பதால் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். இரண்டு பேர் சமையலையும் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் சொல்லவும் மாட்டார்கள். தட்டில் எது விழுந்தாலும் "நல்லாயிருக்கு" என்று சொல்லி எழுந்துவிடுவார்கள், அப்படியே வளர்ந்தவர்கள். கல்யாணமான புதிதில் நான் கொடுத்து வைத்தவள் என்று என் அக்காவுக்குப் பொறாமையே உண்டு. என் மகளுக்கும் அதுவே படிந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் படுத்துக் கிடந்தோம். எனக்கு ஒரு கனவு வந்தது.

கனவில் நான் லிஃப்டில் போகிறேன். கதவு திறக்கிறது, வெளியே ஒன்றும் தெரியவில்லை, ஈர சிமென்ட் வாசனை மட்டும் உள்ளே வருகிறது. மூடுகிறது. அடுத்த மாடியில் புதுத்துணி வாசனை, கஞ்சி போட்ட துணி. அடுத்ததில் என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவள் உச்சந்தலையில் வருமே, அந்த வாசனை. நான் இறங்கவே இல்லை. இறங்கினால் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கடைசியாகக் கதவு திறந்தபோது வெண்ணெயில் முறுகுகிற உருளைக்கிழங்கு, பூண்டு, அதன் மேல் அப்போதுதான் நறுக்கின பச்சைத் தழை. ஒரு பெரிய மேஜை, சுற்றி யார் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். முகம் தெரியவில்லை. எனக்காகத்தான் காத்திருக்கிறார்கள். ஒரு காலை வெளியே வைத்தேன்.

விழித்துக்கொண்டேன். திரைச்சீலை காற்றில் உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. மூக்கில் ஒன்றுமில்லை. ஆனால் காத்திருக்கிறார்கள் என்பது மட்டும் போகவில்லை.

எழுந்து போய் அவர் கருவிப் பையைத் திறந்தேன். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து ஒரே ஒரு திருகை எடுத்தேன்.

"அண்ணி! திருட்டா?"

ரேடியோ கதவோரம் நின்றிருந்தாள்.

"கத்தாதடி. உங்க அண்ணன் தூங்குறாரா?"

"குறட்டை கேக்கல? ரம்பம் போட்டு கட்டிலையே அறுத்திருப்பாரு இந்நேரம். என்ன பண்ணப் போறீங்க?"

"உருளைக்கிழங்கு."

"ஐயோ, நான் கூட நிக்கிறேன். நான் மூக்கு, நீங்க கை."

"நில்லு. ஆனா வாயத் தொறக்காத. நானா செய்யணும்."

"வாயத் தொறக்காமயா? அதுக்கு என்னைக் கொன்னே போட்டிரலாம்" என்றாள். ஆனாலும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

சின்னச் சின்ன கிழங்காகப் பொறுக்கித் தோலோடு உப்புத் தண்ணீரில் வேகவைத்தேன். கத்தி முனை தடையில்லாமல் இறங்கியதும் வடித்து, ஆவி அடங்கும் வரை விட்டேன். வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழுந்து, ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பிறகு டம்ளர் அடியால் ஒவ்வொன்றையும் மெல்ல அமுக்கினேன். உடையக் கூடாது, தோல் வெடித்துத் தட்டையாக வேண்டும்.

அகலமான வாணலியில் எண்ணெயும் வெண்ணெயும் விட்டு அடுக்கினேன். இதுவரை இந்தச் சத்தத்தை நான் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. முதலில் கோபமாகச் சீறும். ஈரம் வற்ற வற்றச் சத்தம் தாழ்ந்து, யாரோ பக்கத்து அறையில் ரகசியம் பேசுகிற மாதிரி ஆகிவிடும். அப்போது கரண்டியால் தட்டினால் காய்ந்த காகிதம் மாதிரி ஒலிக்கும். அதுதான் பதம். திருப்பிப் போட்டேன். நடுவில் பூண்டை நறுக்கிப் போட்டு, வெளுப்பு மாறி வைக்கோல் நிறம் தொட்டதும் அடுப்பை அணைத்தேன். கண்ணும் காதும் இருந்தால் பாதி சமையல் ஆகிவிடும் போல.

மீதிப் பாதி தழை. கொத்தமல்லி, வெங்காயத்தாள், புதினா. கொஞ்சம் தூவி, எலுமிச்சை பிழிந்து, மிளகு தட்டிப் போட்டு, ஒரு துண்டை வாயில் வைத்தேன். உப்பு சரி. புளிப்பு சரி. அதற்கு அப்புறம் வெறுமை.

இன்னும் கொஞ்சம் புதினா தூவினேன். வாய்க்குள் ஏதோ லேசாக அசைந்தது. இன்னும் போட்டேன். நாக்கின் பின்னாலிருந்து மூக்குக்குள் ஒரு குளிர்ந்த காற்று ஏறியது. வாசனை வருகிறது! கனவில் வந்ததே, அதேதான் வருகிறது என்று நினைத்தேன். கட்டு முழுவதையும் ஆய்ந்து நறுக்கிக் கொட்டினேன். ரேடியோவின் கண்கள் விரிந்தன. ஆனால் என் பேச்சுக்குக் கட்டுப்பட்டு வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

"யாரு அடுப்பப் பத்த வெச்சது?"

வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். ஒரு பக்க முடி நட்டுக்கொண்டு நின்றது.

"நான்தாங்க."

அவர் அடுப்பைப் பார்த்தார். அணைந்திருக்கிறதா என்று திருகைத் தொட்டுப் பார்த்தார். போய் மேஜை முன்னால் உட்கார்ந்தார். மகளும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். காலையில் மிச்சமான ரொட்டியும் பருப்பும் இருந்தன. கிழங்கை நடுவில் வைத்தேன்.

சாப்பிட்டார்கள்.

"சூப்பர்மா" என்றாள் மகள்.

"அண்ணி, பிரமாதம்" என்றாள் ரேடியோ.

"நல்லாயிருக்கு" என்றார் அவர்.

மூன்று பேருக்கும் ஒரே குரல். மகள் கை தண்ணீருக்குப் போனது. ரேடியோ கிழங்கிலிருந்து தழையை வழித்துத் தட்டோரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அவர் மெல்லாமலே விழுங்கினார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. அது வாசனை இல்லை, புதினாவின் வெறும் குளிர்ச்சி. கனவும் அதோடு கலைந்துபோனது.

அழுகை வரும் என்று நினைத்தேன். ஆத்திரம்தான் வந்தது.

"பொய் சொல்றீங்க."

"அதெல்லாம் இல்லம்மா..." என்று இழுத்தார் அவர்.

"பாலு கருகிச்சு, அடுப்பப் புடுங்கிட்டீங்க. சரி. எனக்கு மூக்கு இல்ல, அதுவும் சரி. உங்க மூணு பேருக்கும் இருக்குல்ல? நீங்களும் வாயப் பூட்டிக்கிட்டா நான் எதை வெச்சு சமைப்பேன்? கடைசி வரைக்கும் இப்படியே நல்லாயிருக்கு நல்லாயிருக்குன்னு சொல்லி என்னை ஓரமா உக்கார வெச்சுருவீங்களா?"

"சாப்பாட்டைக் குறை சொல்லிப் பழக்கமில்லம்மா எங்களுக்கு" என்றார்.

"தெரியும். அதான் கேக்குறேன். சொல்லுங்க."

அவர் தங்கையைப் பார்த்தார். போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்த மாதிரி முகம் ஆகிவிட்டது. தொண்டையைச் செருமினார்.

"கொஞ்சம்..."

"என்ன கொஞ்சம்?"

"புதினா... கொஞ்சம் தூக்கலா இருக்கு."

"எவ்ளோ தூக்கல்?"

கண்ணை மூடிக்கொண்டார். "பல்லு வெளக்கிட்டு வந்து சாப்பிடுற மாதிரி இருக்கு."

"வெளக்கிட்டு வந்து இல்லப்பா" என்றாள் மகள். "வெளக்கிக்கிட்டே."

ரேடியோ வாயிலிருந்த தண்ணீரை மேஜை மேலேயே துப்பிவிட்டாள். நான் சிரித்தேன். எத்தனை நாளைக்குப் பிறகு என்று தெரியாது, வயிறு வலிக்கச் சிரித்தேன். அவ்வளவுதான், மடை உடைந்தது.

"அண்ணி, இதையும் சொல்லிடறேன், உங்க பருப்புல பூண்டு எப்பவுமே வேகாது!"

"நீ பேசாத" என்றார் அவர். "உன் கொழம்ப வெச்சு செருப்பு ஒட்டலாம்."

"அப்பா, உன் முட்டைய கீழ போட்டா குதிக்குதுப்பா!"

எல்லோர் முகத்திலும் ஒரு குற்றவாளிச் சந்தோஷம். ஆண்டுக்கணக்கில் விழுங்கினதெல்லாம் வெளியே வந்துகொண்டிருந்தது. பூண்டு வேகவில்லை என்று ஒருத்தி சொன்னது எனக்குப் பூமாலை போட்ட மாதிரி இருந்தது.

வேகவைத்ததில் இன்னும் கொஞ்சம் கிழங்கு மிச்சமிருந்தது. மறுபடி செய்கிறேன் என்று எழுந்தேன். கிழங்குக்கு ஒரு அடுப்பு, பூண்டைத் தனியாக வதக்க ஒரு அடுப்பு வேண்டும் என்றேன். அவர் எழுந்து உள்ளே போனார். கைக்குட்டையோடு வந்து, மீதித் திருகையும் மாட்டி, ஒருமுறை திருகிச் சரி பார்த்தார். பிறகு போகாமல் என் பின்னாலேயே நின்றுகொண்டார்.

"பால் வெக்கிறப்ப மட்டும் யாரையாவது கூப்பிடும்மா."

"கூப்பிடுறேன். இப்ப பூண்டு என்ன சொல்லுது?"

மூச்சை இழுத்தார். "இன்னும் பச்சையா இருக்கு."

"இப்ப?"

"வாசம் மாறுது... கொஞ்சம் இனிப்பா வருது... இரு... இப்ப!"

அணைத்தேன். வைக்கோல் நிறம், ஒரு துளி கூடுதல் இல்லை. இந்த முறை கொத்தமல்லியும் வெங்காயத்தாளும்தான். ஒவ்வொரு பிடிக்கும் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்துத் தூவினேன். கல்யாணமாகி இவ்வளவு காலத்தில் அவர் முகத்தை நான் இப்படி உற்றுப் பார்த்ததே இல்லை. புருவம் ஏறினால் போதும் என்று அர்த்தம்.

வெயில் மேஜையை விட்டு இறங்கித் தரைக்குப் போயிருந்தது. எல்லோரும் மறுபடி உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து, கிழங்கை எடுத்தார்கள். தட்டும் கரண்டியும்தான் கேட்டன. கண்ணாடித் தொட்டி அங்கேயேதான் இருந்தது. ஆனால் அதற்குள் நான் தனியாக இல்லை.

அவர் ஒரு துண்டை நன்றாக மென்று, யோசித்து, புதிதாகக் கிடைத்த தைரியத்தில் சொன்னார்:

"உப்பு கம்மி."

"உப்பு சரியாத்தான் இருக்கு" என்றேன். "அதுக்கு எனக்கு நாக்கு இருக்கு. பேசாம சாப்பிடுங்க."