அடைபட்ட கொட்டகைக் கதவு

கோதுமைக் கதிர் முற்றும் பருவம். கான்சஸ் சமவெளியில் காலையெல்லாம் புழுக்கம் தேங்கிக் கிடக்கும். பிற்பகலில் மேற்கு வானம் மெல்லக் கருத்துத் திரளும். மாந்தர் பேச்சைக் குறைத்து மேகத்தையே நோக்கியிருப்பர்.

அன்று மேகம் பச்சை பூத்திருந்தது. ஆலங்கட்டிக்கு அதுவே அடையாளம். ஆர்லீட்டா தன் சிறு விமானத்தை விரைந்து இறக்கி, அதை நிறுத்தும் தன் கொட்டகைக்கு ஓட்டி வந்தாள். கதவை மறித்து நின்றது பக்கத்துக் கொட்டகைக்கார வெர்லினின் வண்டி. பறக்கப் போகிறவர் தம் வண்டியைக் காலியான தம் கொட்டகைக்குள் விட்டுச் செல்வதே அங்கு வழக்கம். அவசரமாகப் பறக்கப் போனவன் அதை மறந்திருந்தான்.

வானில் இருந்த அவனை விமானத்தின் வானொலியில் அழைத்தாள்.

"வெர்லின்! உன் வண்டி என் கதவ அடைச்சுக்கிட்டு நிக்குதுப்பா! ஆலங்கட்டி வருது!"

"ஐயோ, சாவி என் பையில இருக்கே! திட்டுறத அப்புறம் வச்சுக்க. என் கொட்டகை பூட்டல, காலியாத்தான் கெடக்கு. அதுல விடு."

"அப்ப உன் விமானத்த எங்க கொண்டு போவ?"

"தெற்க திரும்பி இறங்க எடம் பாக்குறேன். உன் வழிய நான் மறிச்சேன், என் வழிய மேகம் மறிக்குது. கணக்கு சரியாப் போச்சு, போ!"

அவன் சிரிப்பு இரைச்சலில் கரைந்தது. மீண்டும் மீண்டும் அழைத்தாள், மறுமொழி இல்லை.

விமானத்தை அவன் கொட்டகைக்குள் தள்ளிக் கதவை இழுத்தாள். தகரக் கூரைமேல் ஆலங்கட்டி இடியெனப் பொழிந்தது. சினம் அகன்று அச்சமே நெஞ்சில் நின்றது. எண்ணெய் படிந்த தரையில் மண்டியிட்டுத் தலை தாழ்த்தினாள்.

"வெர்லின், ஆண்டவர் கை உன் இறக்கையத் தாங்கட்டும். நீ இறங்குற மண்ணு உனக்கு மெத்துனு இருக்கட்டும்."