உறைய விடாத அத்தான்

சிலர் தொட்டதெல்லாம் துலங்கும் என்பார்கள். அத்தான் தொட்டால் உறைய வேண்டியதுகூட உறையாது.

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் செய்யும் தொழிற்சாலை அது. புது ஷூ வாங்கினால் பெட்டிக்குள் சின்னப் பொட்டலமாகக் கிடக்குமே, அதே மணிகள்தான். அங்கே ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் அக்காள் கணவரான இந்த அத்தான்தான். மேலாளரும் அவரே. அப்படிப்பட்டவரிடம் 'பீக்கரிலிருந்து கையை எடுங்கள்' என்று சொல்ல அவளுக்கு எங்கே வாய் வரும்?

வேலை என்னவோ எளிதுதான். சிலிகேட் கரைசலில் நீர்த்த அமிலத்தை ஊற்றிக் கலக்கினால் பார்வைக்கு வெறும் தண்ணீர்போல இருக்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத துகள்கள் பிறந்து, கைகோத்துச் சங்கிலியாகி, சங்கிலிகள் வலையாகித் தண்ணீரை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும்; மொத்தமும் தயிர்போல உறைந்துவிடும். பிறகு உலர்த்தினால் தண்ணீர் போய் வலையின் ஓட்டைகள் மிஞ்சும். ஈரத்தைக் குடிப்பது அந்த ஓட்டைகள்தான். வலை பின்னி முடிகிற ஒரு மணி நேரம் மட்டும் யாரும் தொடக்கூடாது.

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காது என்பார்கள். அத்தானுக்கு ஆக்கவே பொறுக்காது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து பீக்கரைச் சாய்ப்பார், ஆட்டுவார், கரண்டிக் காம்பால் குத்துவார். அவளுடைய புதுக் கலவை மூன்று முறை இப்படியே கட்டி கட்டியாக உடைந்து போனது.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு வர்றேன்" என்றார் முதலாளியம்மா. "நாலாவது தடவையும் இப்படின்னா உன் இடத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

அத்தான் பக்கத்தில் நின்று வருத்தமாகத் தலையாட்டினார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் பத்து மணிக்குக் கலவையைத் தயாரித்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். மேசைமேல் அதே அளவு பீக்கரில் குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்து, 'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டினாள். அவர் தொடுவதற்கு அது ஒன்றே போதும்.

"என்னம்மா, பத்து நிமிஷம் ஆச்சு, இன்னும் தண்ணியாவே இருக்கு?"

"ஒரு மணி நேரம் ஆகும் அத்தான்."

"நான் பக்கத்துல இருந்தாத்தான் சரிப்படும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சாய்த்தார், ஆட்டினார், குத்தினார். பத்து ஐம்பதுக்கு, "ஓரத்துல கெட்டியாகுது பாரு!" என்று கூவினார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பதினொன்று அடிக்க முதலாளியம்மா வந்தார். அவள் சாவியை எடுப்பதற்குள் அத்தான் மேசை பீக்கரைத் தூக்கிவிட்டார்.

"காலையிலேருந்து கண்ணு மூடாம பாத்துக்கிட்டேன் மேடம். தலைகீழாக் கவுத்தாலும் ஒரு சொட்டு விழாது!"

"அத்தான், அது வந்து..."

"நீ சும்மா இரும்மா."

கவிழ்த்தார். அரை லிட்டர் தண்ணீரும் முதலாளியம்மாவின் செருப்பில் இறங்கியது.

அவள் அலமாரியைத் திறந்து, உள்ளே இருந்த பீக்கரை எடுத்துத் தன் தலைக்கு மேலேயே கவிழ்த்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். உள்ளே இருந்தது லேசாக அதிர்ந்தது. ஒரு சொட்டுகூட விழவில்லை.

"இதையே பெரிய தொட்டியில போடு. இனிமே நீதான் பொறுப்பு" என்றார் முதலாளியம்மா, செருப்பை உதறியபடி. "அது சரி, எதுக்கு ரெண்டு பீக்கர்?"

அவளுக்கு முதல் தடவையாக வாய் வந்தது.

"ஒண்ணு உறையறதுக்கு மேடம். இன்னொண்ணு அத்தான் தொடறதுக்கு."