ஒத்தை ஷூ

கிட்னியைப் பற்றித் தம்பிக்குப் பாடம் எடுக்க ஷூவைத் தூக்கியது என் தவறு. ஆஸ்பத்திரியில் கொடுத்த படத்தையே காட்டியிருக்கலாம். எனக்குத்தான் எதையும் வேடிக்கையாகச் சொல்லாவிட்டால் நாக்கு அரிக்குமே.

வீரபாகுவுக்கு வயது முப்பத்திரண்டு. மனசுக்கு ஆறோ ஏழோ. ஆம்பூர் ஷூ கம்பெனியில் என்னோடுதான் வேலை. இடது வலது பார்த்து ஜோடி சேர்ப்பான். ஜோடி கிடைக்காத ஒத்தை ஷூவை ரிஜெக்ட் பெட்டியில் போடுவான். ஒருநாளும் தப்பியதில்லை.

அவன் ஜோடி சேர்க்கும் மேஜையில் ஒரு ஜோடியை வைத்து, "பாகு, உன் வயித்துல இப்டி ரெண்டு இருக்குது. அண்ணனுக்கு ஒண்ணு தர்றியா?" என்று ஒன்றை எடுத்துக்கொண்டேன். மிச்சம் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "தர்றேன்" என்றான். நான் எது கேட்டாலும் அப்படித்தான் சொல்வான். வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிற எனக்கு அது சம்மதமாகத்தான் கேட்டது. மனைவிக்குச் சர்க்கரை. வேறு யாரும் பொருந்தவில்லை.

மனவளர்ச்சி குறைந்தவரிடம் உறுப்பு எடுக்கச் சட்டம் விடாது. அதனால் ஆஸ்பத்திரியில் 'கூச்ச சுபாவம்' என்று சொல்லிவைத்தேன். வேலூர் போகும் பஸ்ஸில், "யாரும் கட்டாயப்படுத்தல மேடம்" என்பதைப் பத்துத் தடவை ஒப்பிக்க வைத்தேன். நல்ல வாத்தியார் நான்.

ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர் விஜயகுமாரி அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கதவிடுக்கில் என் காது.

"சாப்ட்டியாப்பா?"

"யாரும் கட்டாயப்படுத்தல மேடம்."

வெளியே வந்தவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது ஜோக் சொல்லித் தப்பித்திருப்பேன். "நாகேந்திரன், சொல்லிக்குடுக்காம ஒரு தடவ கேட்டுப் பாருங்க" என்றார்.

பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "பாகு, ஒண்ண குடுத்துட்டா உனக்கு இன்னா ஆவும், தெரியுமா?"

"மிச்சம் ஒத்த." தன் விலாவைத் தொட்டுக்கொண்டான். "என்னையும் பெட்டில போட்ருவாங்களாண்ணா?"

விலாவில் இருந்த அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"போட மாட்டாங்கடா. நீ எங்கூடதான் இருப்ப. அண்ணன் கோச்சுக்க மாட்டேன். நெஜமா சொல்லு. தர்றியா, வேணாமா?"

வழக்கம்போல என் வாயைப் பார்த்தான். நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன். பிறகு தரையைப் பார்த்தான்.

"வேணாண்ணா. எனக்கு பயமா கீது."