டாப்பர் விசா

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. வலது கையை வேதப்புத்தகத்தின் மேல் வைத்துக்கொண்டு இடது கையால் எழுதியது.

அருமனை ராஜையன் இருபத்தாறு வருசமாக ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவர். பட்டையைச் சரிவாகச் சீவி, அடியில் தேங்காய்ச் சிரட்டையைக் கட்டிவிட்டால் பால் சொட்டுச்சொட்டாக வடியும். எஸ்டேட் ரெஜிஸ்டரில் அந்த வேலைக்குப் பெயர் டாப்பர். விசா பேப்பரிலும் ஏஜெண்டு அப்படியே எழுதினான். ‘டாப்’ என்றால் குழாய்தானே, இவர் குழாய் ரிப்பேர்க்காரர் என்று கடலுக்கு அக்கரையில் எடுத்துக்கொண்டார்கள்.

விமானம் இறங்கிய மறுநாள்தான் ராஜையனுக்கு விசயம் புரிந்தது. பெரிய மாளிகை. நூற்றுப்பதினேழு குழாய். நூற்றுப்பதினேழும் ஒழுகிக்கொண்டிருந்தன. பாறசாலைக்காரரான போர்மேன் குமாரதாஸ் ஸ்பேனரை நீட்டினார்.

“அண்ணே, நான் பால்வெட்டுக்காரனாக்கும்.”

“இஞ்ச மரமே இல்லியே, மக்கா.”

“வந்ததுலயிருந்து எனக்கும் அந்த சந்தேகம் உண்டு.”

“முதலாளி அறிஞ்சா நாளைக்கே டிக்கெட் எடுத்து ஏத்தி விட்டுருவாரு, கேட்டியா?”

 நாலு நாள் முன்னால்தான் ராஜையன் வீட்டில் வழியனுப்பு ஜெபம் நடந்திருந்தது. போதகர் முக்கால் மணிநேரம் ஜெபித்தார். பாடகர் குழு மூன்று பாட்டுப் பாடியது. சபை முழுக்க அழுதுவிட்டு, புரோட்டாவும் கோழிக்கறியும் தின்றுவிட்டுப் போனது. போதாததற்கு மனைவி பூங்கனி காரில் ஏறும்போது காதோடு சொன்னாள்: “இஞ்ச பாருங்க, ரெண்டு வருசம் முழுசாத் திகையாம வந்து நின்னா, அழுதவங்களுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். நான் அம்மைக்க வீட்டுக்குப் போயிருவேன்.” ஒரே வாரத்தில் திரும்பிப்போய் எந்த முகத்தோடு சபையில் உட்காருவது?

குமாரதாஸ் ஸ்பேனரைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். “நீ உனக்குத் தெரிஞ்ச வேலையச் செய்யி. மிச்சத்த நான் அறபியில சொல்லிக்கிடுதேன்.”

அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் ராஜையன் தன் ஜெபத்தில் பூங்கனி பெயருக்கு முன்னால் குமாரதாஸ் பெயரைச் சொல்கிறார். வீட்டில் இது தெரியாது.

பெட்டியிலிருந்து வெட்டுக்கத்தியை எடுத்தார். முதல் குழாயில் சரிவாக ஒரு கீறல் போட்டுச் சிரட்டையைக் கட்டினார். ஒழுகல் அடக்கமாகக் கீறல் வழியே இறங்கிச் சிரட்டையில் சொட்டியது, தரை காய்ந்தது. ரப்பர்த் தோட்டத்து முறைப்படி ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு. முதலாளி வந்து பார்த்துவிட்டு, நடுவில் ஏன் ஒருநாள் சும்மா நிற்கிறான் என்று கேட்டார்.

“குழாய்க்கும் ஓய்வு வேணுமாம்,” என்று குமாரதாஸ் அறபியில் சொன்னார்.

முதலாளிக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த வீட்டில் அதுவரை யாரும் குழாயின் பக்கம் நின்று யோசித்ததில்லை.

பதினைந்தாம் நாள் கீறலின்மேல் புதுப்பட்டை மூடியது, ஒழுகலும் நின்றது. மூன்று மாதத்தில் எல்லாம் ஆறின. சமையலறைக் குழாய் மட்டும் கொஞ்சம் அதிகமாகத் தேறி, தளிர் விட்டது. காம்புக்கு மூன்று இலை, அப்படியே ரப்பர்.

நோன்புப் பெருநாளன்று முதலாளி ராஜையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, நல்ல கறித்துண்டாகப் பார்த்துத் தன் கையால் பிய்த்துவைத்தார்.  இருபத்தாறு வருசத்தில் எஸ்டேட்டில் ஒருத்தரும் அவரைப் பார்த்து, சாப்பிட்டியா என்று கேட்டதில்லை.

இரண்டு வருசம் திகைந்தது. விசாவை இன்னும் ஐந்து வருசத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போட்டு, லீவுக்கு அனுப்பிவைத்தார் முதலாளி. சபையில் ஸ்தோத்திரக் கூட்டம். ராஜையன் எழுந்து சாட்சி சொன்னார்: “கர்த்தர் நல்லவர். அந்த ஊர்க்காரங்களும் மோசமில்ல.” சபை ஆமென் என்றது.

ராஜையன் முதன்முதலாகப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டதே போன செவ்வாய்க்கிழமைதான்.