மேல் படுக்கை

கென்ட்ராவுக்குப் பயம். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் அவளுக்குத் தெரியவில்லை. சொல்லாமல் நொட்டை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வசந்தகாலம் முழுக்க, சனிக்கிழமை விடிந்தால் போதும், அவள் புருஷன் டெர்ரில் அவளையும் ஆறு வயது டக்கரையும் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீடு மாதிரி ஒரு டிரெய்லரை வாங்க எங்கேயாவது பார்க்கக் கிளம்பிவிடுவான். ஒன்றில் சமையல் மேடை சின்னது என்றாள். இன்னொன்றில் பூனை வாடை. மற்றொன்றின் திரைச்சீலை பழுப்பாம். திரைச்சீலைக்காக ஒரு டிரெய்லரை யாராவது வேண்டாம் என்பார்களா? அவள் சொன்னாள்.

உண்மையில் அவள் உள்ளே இருந்த எதையுமே சரியாகப் பார்க்கவில்லை. அவள் கண் போனதெல்லாம் பிக்கப்பின் பின்னால் இருக்கும் அந்த இரும்பு உருண்டை மேல்தான். கைக்குள் அடங்கிவிடும் ஒரு குண்டு. அதில் ஒரு வீட்டையே மாட்டிக்கொண்டு மலையேறப் போகிறார்களாம்.

காற்றுக்குப் பேர்போன லிவிங்ஸ்டன் ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நெடுஞ்சாலைப் பள்ளத்தில் டிரெய்லர்கள் மல்லாந்து கிடப்பதை அந்த ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு, ஐயோ பாவம் என்று சொல்லி, வேலைக்குப் போய்விடுவார்கள். கென்ட்ராவால் அப்படிப் போக முடிந்ததில்லை. ஒருமுறை முள்கம்பி வேலியில் ஒரு குழந்தையின் நீச்சல் வளையம் மாட்டிக்கொண்டு படபடத்ததைப் பார்த்தாள். அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. தெரியாததுதான் அவளை விடாமல் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு, டிரெய்லரின் வால் ஆடத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை யாருக்கும் தெரியாமல் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பார்ப்பாள். எல்லாப் படத்திலும் ஒரே கதைதான். முதலில் லேசாக ஆடும். ஓட்டுகிறவன் பதறிப் பிரேக்கை மிதிப்பான். அவ்வளவுதான்.

ஆர்லோவின் டிரெய்லரைப் பார்த்த அன்று டெர்ரிலுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊருக்கு வெளியே மேட்டின் மேல் வீடு. பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டதால் ஆர்லோவும் அவர் மனைவி ஜோலினும் விற்கிறார்கள். நல்ல மனிதர்கள், காபியும் வீட்டில் சுட்ட ருபார்ப் பலகாரமும் கொடுத்தார்கள். டிரெய்லர் நீளமென்றால் அப்படியொரு நீளம். முன்பக்கம் பெரியவர்கள் படுக்கை, நடுவில் சமையல், கடைசியில் பின்சுவரை ஒட்டிப் பிள்ளைகளுக்கு மேலும் கீழுமாக இரண்டு படுக்கை.

“மேல் படுக்கை எனக்கு” என்று டக்கர் ஓடினான். ஏணியில் பாதி ஏறினான், கீழே பார்த்தான், அப்படியே இறங்கிவிட்டான்.

டெர்ரில் சிரித்தான். “பயந்தாங்கொள்ளி. அப்படியே அம்மாவை உரிச்சு வச்சிருக்கான்.”

கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஆனாலும் டக்கரின் காது சிவந்துவிட்டது. கென்ட்ராவுக்கும் சுருக்கென்றது. மெத்தை மெலிசாக இருக்கிறது என்று ஒரு நொட்டையை எடுத்து வைத்தாள்.

ஆர்லோ விற்பனையில் தாராளம். குழாய், ஷவர் எல்லாம் வேலை செய்கிறதென்று காட்டுவதற்காகவே காலையிலேயே தண்ணீர்த் தொட்டியை வழிய வழிய நிரப்பி வைத்திருந்தார். தொட்டி இருந்தது சக்கரத்துக்குப் பின்னால், பிள்ளைகள் படுக்கைக்கு அடியில். “முகாமுக்குப் போறவங்களுக்கு இது இல்லாம எப்படி” என்று மூடியோடு கூடிய மூன்று இரும்புச் சட்டிகளையும் இலவசமாகக் கொண்டுவந்து, மேல் படுக்கையின் தலைமாட்டுக்கு மேலிருந்த அலமாரியில் வைத்தார். ஒவ்வொன்றும் கல் மாதிரி கனம். எல்லாக் கனமும் வாலில் போய் உட்கார்ந்தது; வால் கனத்தால்தான் டிரெய்லர் ஆடும். அங்கே நின்றிருந்த பெரியவர்கள் நாலு பேரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. இவ்வளவு படம் பார்த்த கென்ட்ராவுக்கும்தான் உறைக்கவில்லை. அவள் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெடுஞ்சாலைவரை இழுத்துப் பார்த்துவிட்டு வரலாம் என்று முடிவாயிற்று. ஆட்டத்தை அடக்கும் கம்பியை மாட்ட ஆர்லோ எடுத்தார். இதோ பக்கத்தில்தானே, எதற்கு அந்த வேலையெல்லாம் என்று டெர்ரில் தடுத்துவிட்டான். கென்ட்ரா ஒன்றை மட்டும் விடவில்லை. டிரெய்லரின் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்க, பிக்கப்பின் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியும் அதில் ஒரு பிடியும் இருந்தன. அதை இரண்டு முறை அழுத்திக் காட்டச் சொன்னாள். டெர்ரில் ஆர்லோவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு அழுத்திக் காட்டினான். டக்கர் கொட்டகையில் நாய்க்குட்டிகளோடு இருந்தான். அவன் அங்கேயே இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் ஜோலின்.

நெடுஞ்சாலை ஏறியதும் டெர்ரில் பாட்டு முணுமுணுத்தான். ஒன்றுமே தெரியவில்லை பார், பின்னால் இருக்கிறதே மறந்துபோகிறது என்றான். கென்ட்ராவுக்கு மறக்கவில்லை. இறக்கம் வந்து வேகம் பிடித்ததும் முதுகுக்குக் கீழே ஒரு மெல்லிய அசைவு. இடது, வலது. இடது, வலது. சொல்லலாமா என்று வாயைத் திறந்தாள். சிரிப்பான் என்று மூடிக்கொண்டாள்.

போன் அடித்தது. ஜோலின்.

“டக்கர் உங்ககூடத்தானே இருக்கான்? இங்க எங்கேயும் காணோம். ஒரு குட்டியையும் காணோம்.”

கென்ட்ரா திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தாள். காலி. பின்கண்ணாடி வழியே டிரெய்லரின் வெள்ளை முகம் இடமும் வலமும் தலையசைத்துக்கொண்டிருந்தது. அவன் எங்கே இருக்கிறான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தான் பயந்தவனில்லை என்று காட்ட அவன் போயிருக்கிறான். மேல் படுக்கைக்குப் போயிருக்கிறான்.

“டெர்ரில், டக்கர் பின்னால இருக்கான். டிரெய்லருக்குள்ள.”

இதைக் கேட்ட எந்தத் தகப்பனும் செய்வதைத்தான் அவனும் செய்தான். பிரேக்கை ஓங்கி மிதித்தான்.

அந்த நொடி டிரெய்லர் விழித்துக்கொண்டது. வால் இடப்பக்கம் வீசி, வலப்பக்கம் வீசி, பிக்கப்பின் பின்பாகத்தையே தூக்கித் தூக்கிப் போட்டது. பக்கத்து வழியில் வந்த லாரி ஹாரனை அலறவிட்டு ஒதுங்கியது. கண்ணாடி நிறைய ஒருமுறை டிரெய்லரின் கதவு தெரிந்தது, மறுமுறை வெறும் வானம். டெர்ரில் ஸ்டியரிங்கை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒடித்துத் திருப்பினான். திருப்பத் திருப்ப ஆட்டம் கூடியது. வேலியும் பள்ளமும் கிட்டே வந்து வந்து போயின. கென்ட்ராவுக்கு அந்த நீச்சல் வளையம் ஞாபகம் வந்தது. என் பிள்ளை, என் பிள்ளை என்பதைத் தவிர உள்ளே வேறொன்றும் ஓடவில்லை.

“காலை எடு. பிரேக்கை விடு. நேராப் பிடி, போதும்.”

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். அவன் காலை எடுத்தானா என்று பார்க்க நேரமில்லை. அவன் முழங்காலுக்கு மேலே பாய்ந்து அந்தப் பெட்டியின் பிடியை அழுத்தினாள். விரல் வழுக்கியது. மறுபடி பிடித்தாள். விடவில்லை. பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பற்றி இழுத்ததுபோல் வண்டி ஒரு இழுப்பு இழுத்தது. வால் இன்னொரு முறை வீசியது, இன்னொரு முறை, கொஞ்சம் குறைவாக. பிறகு நேராகி, சரளைக்கல் ஓரத்தில் உரசிக்கொண்டு போய் நின்றது.

கென்ட்ரா இறங்கி ஓடினாள். காற்று கதவைத் திறக்க விடவில்லை. டெர்ரில் பின்னாலேயே வந்து அவள் தலைக்கு மேலே கையை நீட்டி இழுத்தான். உள்ளே இழுப்பறைகளெல்லாம் வாயைப் பிளந்து கிடந்தன. ஆர்லோ உள்ளே விட்டுவைத்திருந்த காபிக் கோப்பைகள் தூள் தூளாகத் தரையில். “டக்கர்” என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. கூப்பிட்டுப் பதில் வராவிட்டால்?

கடைசியில் மேல் படுக்கை தெரிந்தது. தலைமாட்டு அலமாரியின் கதவு பிய்ந்து தொங்கிற்று. இரும்புச் சட்டிகள் மூன்றும் தலையணை மேல் விழுந்திருந்தன. ஒன்றின் விளிம்பு பட்டுச் சுவர்ப் பலகை பொத்துப் போயிருந்தது.

டெர்ரிலின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் அவள் கேட்காத சத்தம்.

கீழ்ப் படுக்கையில் போர்வை அசைந்தது. முதலில் நாய்க்குட்டியின் மூக்கு, பிறகு டக்கரின் முகம். நெற்றியில் ஒரு வீக்கம், வேறொன்றுமில்லை. அம்மாவைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தான். ஏதோ தப்புப் பண்ணிவிட்டவன் முகம்.

“அப்பா, சிரிக்காதே. நான் மேல ஏறிப் பாத்தேன். பயமா இருந்துச்சு. அதான் கீழயே படுத்துட்டேன்.”

டெர்ரில் உடைந்த கோப்பைகளின் நடுவே முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். பையனை நாய்க்குட்டியோடு சேர்த்து வாரி எடுத்தான். “நல்லா பயந்தடா என் தங்கமே, நல்லா பயந்த” என்று அவன் காதில் திரும்பத் திரும்பச் சொன்னான். எதற்கு அப்பா அழுகிறார் என்று டக்கருக்குப் புரியவில்லை.

பிறகு ஆர்லோவைப் போனில் கூப்பிட்டார்கள். பையன் கிடைத்துவிட்டான் என்று சொல்லிவிட்டு, தண்ணீரை எப்படித் திறந்துவிடுவது என்று கேட்டார்கள். கென்ட்ரா அடியில் குனிந்து திருகைத் திருகினாள். தண்ணீர் சரளைமேல் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. இவ்வளவா என்று இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கென்ட்ரா பம்பரைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்குப் பயம், டெர்ரில்” என்றாள். “திரைச்சீலையும் இல்ல, மெத்தையும் இல்ல. ஆரம்பத்துலேர்ந்தே பயம்தான். வண்டி ஆடுனப்பவே சொல்லியிருக்கணும். நீ சிரிப்பேன்னு சொல்லல.”

அவன் சிரிக்கவில்லை. சாவியை அவள் கையில் வைத்து விரல்களை மூடினான்.

“நீ ஓட்டு. எனக்குக் கை வரல.” தண்ணீர் நின்றதும் குனிந்து திருகை மூடினான். “பாத்ததுல உனக்குப் பயமில்லாதது எது? சொல்லு, அதையே வாங்கலாம்.”

“பயமில்லாததுன்னு ஒண்ணும் இல்ல. அந்தப் பூனை வாடை அடிச்சதே, சின்ன டிரெய்லர். அதுல பயம் கம்மி.”

அவன் தலையாட்டினான். பின்சீட்டில் டக்கர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பையனின் பெல்ட்டைப் போட்டுவிட்டு, அது சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான். மறுபடியும் இழுத்துப் பார்த்தான். கென்ட்ரா எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, ஆர்லோ வீட்டுக்குத் திரும்ப, ஓரமாகவே, நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் மேலே ஓட்டினாள். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். அவள் வேகத்தைக் கூட்டவில்லை.